ஊரிலிருந்து வரும் நண்பர்களுடன் பசிபிக் கடலோரத்தில் ஆர்வி பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, பள்ளி விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து நண்பர்கள் குடும்பத்தோடு வருவது வழக்கம். அப்படி வந்தவர்களை அழைத்துக்கொண்டு நான்கு முறை வாடகை ஆர்வியில் பசிபிக் கடலோரம் போய்வந்திருக்கிறோம். அதைக் கேள்விப்பட்டுப் பலரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

ஆர்வி என்பதும் நம் ஊர் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவனும் ஒன்றுதானா?

ஏறத்தாழ ஒன்றுதான். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப்பெட்டி, கழிப்பறை, குளியலறை ஆகிய எல்லாம் உள்ளே இருக்கும் வண்டிகளை அமெரிக்காவில் பொதுவாக ஆர்வி என்கிறார்கள். காரின் பின்னால் கட்டி இழுப்பது ஒரு வகை. தானே எஞ்சினோடு ஓடுவது இன்னொரு வகை. இரண்டாம் வகையில் பேருந்து போல் இருப்பதைக் கிளாஸ் ஏ என்றும், வேன் அளவில் இருப்பதைக் கிளாஸ் பி என்றும், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நெற்றி போல ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருப்பதைக் கிளாஸ் சி என்றும் பிரிப்பார்கள். வாடகைக்கு எளிதில் கிடைப்பதும், இரண்டு குடும்பங்களுக்கு ஏற்றதும் கிளாஸ் சி. இனிவரும் விடைகளில் ஆர்வி என்று நான் குறிப்பிடுவது அதைத்தான்.

நாங்கள் நான்கு பேர், அவர்கள் மூன்று பேர். ஏழு பேர் ஒரே வண்டியில் போகலாமா?

படுக்கைகளை எண்ணாதீர்கள், சீட் பெல்ட்களை எண்ணுங்கள். "ஏழு பேர் தூங்கலாம்" என்று விளம்பரப்படுத்தும் வண்டியில் எத்தனை பெல்ட்கள் உள்ளன என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் அணிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நடப்பதும், அடுப்பில் பால் வைப்பதும், கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதும் கூடாது. கலிஃபோர்னியாவில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் பக்கவாட்டாகப் பார்த்திருப்பவற்றில் அதைப் பொருத்துவது பாதுகாப்பல்ல. முன்னோக்கிய இருக்கைகள் எத்தனை என்பதையும் கேட்டுவிடுங்கள்.

என் கருத்தில் ஒரு ஆர்வியில் நான்கு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும்தான் வசதியாக இருக்க முடியும். ஏழு பேர் என்றால் ஆர்வியோடு உங்கள் சொந்தக் காரையும் எடுத்துச் செல்வது நல்லது. முகாமில், அதாவது ஆர்வியோடு இரவு தங்கும் இடத்தில், வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்கும் கடற்கரைக்கும் காரில் போய்வர முடிவது எதிர்பாராத அளவுக்குப் பயன்படும்.

இதை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா? சென்னையிலிருந்து வந்த நண்பர் மாற்றி ஓட்டலாமா?

கலிஃபோர்னியாவில் 40 அடி நீளம் வரையுள்ள மோட்டார் இல்லத்தைச் சாதாரண கார் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகள் பெரும்பாலும் 20 முதல் 31 அடிதான். சுற்றுலாவாக வந்திருக்கும் பதினெட்டு வயது கடந்தவர்கள், தங்கள் நாட்டு உரிமம் செல்லுபடியாகும் வரை இங்கே ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, வாடகை ஒப்பந்தம் அனுமதிப்பது வேறு. ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்கப்படாதவர் ஓட்டி ஏதேனும் நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

நண்பர் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும், அவரைக் கடலோரச் சாலையில் ஓட்டவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது அவருக்குப் புதிது. எட்டு அடிக்கு மேல் அகலமும், பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்ட வாலும் கொண்ட வண்டி அதைவிடப் புதிது. உள்நாட்டு நெடுஞ்சாலையான ஐ-5-இல், பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் அவர் ஓட்டினால் உங்களுக்கும் ஓய்வு, அவருக்கும் மகிழ்ச்சி.

எந்த மாதம் நல்லது? மே, ஜூனில்தான் அவர்களுக்கு லீவு.

ஜூனில் வந்தால் வெயிலை எதிர்பார்க்காதீர்கள். கோடையில் கலிஃபோர்னியாக் கடலோரத்தில் பல நாட்கள் காலையிலிருந்து மூடுபனி கவிந்திருக்கும்; மலையைத் தாண்டி உள்ளே போனால் கொளுத்தும், கரையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு கனமான மேலாடையாவது கொண்டுவரச் சொல்லி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும் மிகச் சிறந்தவை: வானம் தெளிந்திருக்கும், பள்ளிகள் திறந்துவிட்டதால் முகாம்களில் கூட்டமும் குறையும். நவம்பருக்குப் பிறகு மழை, புயல், நிலச்சரிவு.

பத்து நாளில் சான் டியாகோவிலிருந்து சியாட்டில் வரை முடித்துவிடலாமா?

முடிக்கலாம், ஆனால் நண்பர்கள் பார்ப்பது சன்னல் கண்ணாடியைத்தான். கடலோரச் சாலைகள் வழியே அது 1,500 மைலுக்கு மேல். கூகுள் வரைபடம் காரின் வேகத்தில் கணக்கிட்டு நான்கு மணி நேரம் என்று காட்டுவதை ஆர்வியில் ஆறு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் இந்தத் தவறைத்தான் செய்தோம். ஆறாம் நாள் மாலை, உலகத்தின் விளிம்பு போன்ற ஒரு முனையில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டபோது, உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து மணி நேரம் விமானத்தில் வந்தவர்களை மீண்டும் இருக்கையில் கட்டிப்போட்டது என் பிழை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் அளவு இது: கடலோரத்தில் ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல் இல்லை, மாலை நான்கு மணிக்குள் முகாம், மூன்று நாட்களுக்கு ஒருமுறை வண்டி அசையாத ஒரு முழுநாள். இந்த அளவில் பத்து நாட்களுக்குப் பொருந்தும் வழி ஒன்று உண்டு. வளைகுடாப் பகுதியிலிருந்து ஐ-5 வழியாக இரண்டு நாட்களில், சாஸ்தா மலையைப் பார்த்தபடி, ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம் வரை போய்விடுங்கள். அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைலில் ஃபிளாரன்ஸ் என்ற கடலோர ஊர். பிறகு தெற்கு நோக்கி 101-ஆம் எண் சாலையில் பேன்டன், புரூக்கிங்ஸ், கிரெசென்ட் சிட்டி, ரெட்வுட் தேசியப் பூங்கா, யுரீகா என்று மெதுவாக இறங்கி வரலாம். புரூக்கிங்ஸுக்கு வடக்கே சாமுவேல் போர்ட்மேன் பூங்காவில் கடலுக்குள் நிற்கும் பாறை வளைவுகளுக்கே ஒரு பகல் ஒதுக்கலாம்.

ரெட்வுட் மரங்களைப் பற்றி ஒரு சொல். அவற்றைச் செம்மரம் என்று மொழிபெயர்த்துச் சொன்னால் நண்பர்களுக்குத் திருப்பதி மலைக்காட்டின் செம்மரம்தான் நினைவுக்கு வரும். இவை முற்றிலும் வேறு இனம். 300 அடியைத் தாண்டி வளரும் இவற்றில் உலகின் மிக உயரமான மரமும் அடக்கம். அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ் என்ற 31 மைல் பழைய சாலையில் ஆர்வி தாராளமாகப் போகும்.

வடக்கிலிருந்து தெற்கா, தெற்கிலிருந்து வடக்கா? வித்தியாசம் உண்டா?

உண்டு. இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால், தெற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். காட்சிமுனைகளில் எதிர்வரிசையைக் கடக்காமல் ஒதுங்கலாம், ஒதுங்கியபின் எளிதாக மீண்டும் சேரலாம். மேலே சொன்ன வழியில் முதலில் உள்நாட்டுச் சாலையில் வடக்கே ஏறிவிட்டுக் கரையோரம் இறங்கச் சொன்னதன் காரணம் அதுதான். புறப்பட்ட ஊரிலேயே வண்டியைத் திருப்பிக் கொடுப்பதால், ஒருவழி வாடகைக்கென வாங்கும் கூடுதல் கட்டணமும் மிச்சம்.

எல்லோரும் பிக் சர் என்கிறார்களே, அதை விட்டுவிட்டா போவது?

மான்டெரே நகருக்குத் தெற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே 1-ஆம் எண் சாலை செல்லும் பகுதிதான் பிக் சர். அது விட்டுவிட வேண்டிய இடமல்ல. ஆனால் ஆர்வியில் முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடமும் அல்ல. 1932-இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலத்தின் இருபுறமும் நிறுத்துமிடங்கள் மிகக் குறைவு. 25 அடி வண்டியோடு அங்கே போய்ச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, நிறுத்த முடியாமல் கடந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைஃபர் கடற்கரைக்குப் போகும் ஒடுக்கமான கிளைச்சாலையில் ஆர்விக்கு அனுமதியே இல்லை.

இன்னொன்று, அந்தச் சாலை மலையின் தயவில் இருப்பது. 2017 மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் மலை சரிந்து சாலையைக் கடலுக்குள் தள்ளியது. 2018 ஜூலையில்தான் மீண்டும் திறந்தார்கள். 2023 தொடக்கத்து மழைக்குப் பிறகும் அடுத்தடுத்த சரிவுகளால் நெடுங்காலம் துண்டுபட்டுக் கிடந்தது. எனவே கிளம்பும் நாளன்று மாநிலச் சாலைத்துறையான கால்டிரான்ஸின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் அங்கே போக வேண்டாம். மான்டெரே பக்கம் ஆர்வியை முகாமில் நிறுத்திவிட்டு, காரில் ஒரு பகல் போய்வருவதே எனக்குப் பிடித்த முறை.

எவ்வளவு முன்பே புக் செய்ய வேண்டும்?

கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களின் முகாம்களுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கும்; கடலோர இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நண்பர்கள் விமானச்சீட்டு எடுத்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பதிவு செய்யும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முகாமிடத்துக்கும் வண்டியின் அதிகபட்ச நீளம் குறிப்பிட்டிருக்கும். அடுத்தது ஹுக்கப், அதாவது மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள். கலிஃபோர்னியாவின் கடலோர மாநில முகாம்கள் பலவற்றில் இவை கிடையாது; ஆரிகனின் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் மூன்றும் உண்டு. முதன்முறை போகிறவர்களுக்கு ஆரிகனை நான் வற்புறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்.

இடம் கிடைக்காவிட்டால் சாலையோரத்தில் நிறுத்தித் தூங்கிவிடலாமா?

அதை நம்பிப் புறப்படாதீர்கள். பிக் சர் பகுதியில் நெடுஞ்சாலை ஓரம் இரவில் தங்குவது தடை செய்யப்பட்டது, அபராதம் விதிக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சாலையோர ஓய்விடங்களில் எட்டு மணி நேரமும் ஆரிகனில் பன்னிரண்டு மணி நேரமும் வண்டியை நிறுத்தலாம். ஆனால் நாற்காலி போட்டு முகாமிட முடியாது. தனியார் ஆர்வி பூங்காக்களில் வார நாட்களில் பெரும்பாலும் இடம் இருக்கும். பார்ப்பதற்கு வண்டி நிறுத்துமிடம் போல இருந்தாலும், துணி துவைக்கும் வசதியும் வெந்நீரும் இருப்பதால் பயணத்தின் நடுவில் ஓர் இரவு அங்கே தங்குவது உதவியாகவே இருக்கும்.

நம்ம சாப்பாடு சமைக்க முடியுமா? மிக்ஸி ஓடுமா?

தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் தாளிப்பதை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய அறையில் கடுகும் மிளகாயும் பொரிந்தால் புகை எச்சரிக்கை மணி அலறுவதோடு, வாசனை மெத்தையில் ஏறித் துப்புரவுக் கட்டணத்தில் போய் முடியும். முகாமில் ஒவ்வோர் இடத்திலும் மர மேசை உண்டு. கையடக்க அடுப்பு ஒன்றைக் கொண்டுபோனால் தோசைகூட அங்கேயே வார்க்கலாம். இரவுக் குளிரில் மாவு புளிக்காது என்பதால், வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். அரிசி, பருப்பு, புளி, பொடி வகைகளை வளைகுடாப் பகுதியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரச் சொல்ல வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். ஆரிகனிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் திரும்பும்போதும், பழங்களும் செடிகளும் வைத்திருக்கிறீர்களா என்று சோதனைச்சாவடியில் கேட்கக்கூடும்.

நம் ஊர் மிக்ஸி 230 வோல்ட்டுக்கானது. இங்கே 120 வோல்ட் என்பதால் பயன்படாது, இங்கே வாங்கியது வேண்டும். பெரும்பாலான வாடகை ஆர்விகள் 30 ஆம்பியர் இணைப்பில் ஓடுவன. மொத்தம் 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் ஓடும்போது ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஹுக்கப் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரைதான் அதை இயக்கலாம். அதிகாலைக் காப்பிக்குக் கேஸ் அடுப்பே துணை.

ரெட்வுட் காடுகளில் சாப்பிடும்போது ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தாமல் துடைத்தெடுக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகியவர்கள் என்பதால் இதை முன்கூட்டியே விளக்குவது நல்லது. உணவு கிடைத்தால் காக்கை இனப் பறவைகள் அங்கே பெருகி, அந்த உயர்ந்த மரங்களில் கூடு வைக்கும் மார்பிள்ட் மரலெட் என்ற அரிய கடற்பறவையின் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை, குளியல் எல்லாம் எப்படி?

கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பது இதைத்தான். வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல தண்ணீர், குளித்த மற்றும் பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறைக் கழிவு. கடைசி இரண்டையும் டம்ப் ஸ்டேஷன் எனப்படும் இடத்தில் குழாய் பொருத்திக் காலி செய்ய வேண்டும். கையுறை அணிந்து, கழிப்பறைத் தொட்டியை முதலிலும் குளித்த நீரை அடுத்தும் திறந்துவிடுங்கள். இரண்டாவது நீர் குழாயைக் கழுவிவிடும். முழு ஹுக்கப் உள்ள முகாமில்கூடக் கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வைத்திருந்து, ஓரளவு நிரம்பியபின் திறக்க வேண்டும். திறந்தே வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு உள்ளே இறுகிவிடும். விரைவில் கரையும் ஆர்வி காகிதத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக் கூடாது. தண்ணீர் பயன்படுத்திப் பழகியவர்களுக்காக ஒரு சிறு குவளை வைத்துவிடுங்கள்.

குளிக்கும் வெந்நீர்க் கலன் பெரும்பாலும் ஆறு கேலன்தான். நனைந்ததும் மூடி, சோப்புப் போட்டு, மீண்டும் திறந்து அலசினால் ஒருவருக்குப் போதும். வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்த நண்பர்கள் நம்மைவிட இதை விரைவில் பழகிக்கொண்டார்கள். இந்த வேலைகளை விருந்தாளிகளிடம் விடாதீர்கள். ஆனால் முதல் நாளே எல்லோருக்கும் விளக்கிவிடுங்கள்.

வளைவுச் சாலையில் பின்னால் பத்து கார் வரிசை கட்டுகிறது. பதற்றமாக இருக்கிறது, என்ன செய்வது?

கலிஃபோர்னியாவில் இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஐந்து சேரும் வரையும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒதுங்கினால் உங்கள் பதற்றமும் அடங்கும்.

லெக்கெட் என்ற ஊருக்கும் கடலுக்கும் இடையில் 1-ஆம் எண் சாலை இடைவிடாமல் வளைந்து நெளியும். அதைத் தவிர்த்து 101-இலேயே வாருங்கள். அந்த ஊரில் கார் நுழையும்படி குடைந்த ரெட்வுட் மரம் ஒன்று உண்டு. ஆர்வி அதற்குள் போகாது. வண்டியின் உயரத்தைப் பெரிய எண்களில் எழுதி ஓட்டுநர் முன்னால் ஒட்டிவையுங்கள். கிளாஸ் சி வண்டிகள் பதினொன்று, பன்னிரண்டு அடி உயரம் இருப்பதால், மரக்கிளைகளும், காரிலிருந்தபடியே உணவு வாங்கும் உணவகங்களின் தாழ்ந்த கூரைகளும்தான் அதிகமான சேதத்தை விளைவிப்பவை.

"சுனாமி அபாயப் பகுதி" என்று பலகை வைத்திருக்கிறார்களே, குழந்தைகளோடு அங்கே தங்கலாமா?

நாகப்பட்டினத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஆரிகனில் இந்தப் பலகையைக் கண்டதும் வண்டியிலிருந்து இறங்க மறுத்தார். 2004 டிசம்பரைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் வெறும் அறிவிப்பல்ல. அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இக்கரைக்கு அப்பால் கடலுக்கடியில் காஸ்கேடியா என்னும் நிலப்பிளவு இருக்கிறது. அது கடைசியாக 1700 ஜனவரி 26 அன்று பெரிய அளவில் பெயர்ந்தது என்பதை, ஜப்பானியர் எழுதிவைத்த அலைக்குறிப்புகளைக் கொண்டு கண்டறிந்தார்கள். 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கம் எழுப்பிய அலை கிரெசென்ட் சிட்டியில் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அபாயம் உண்மையானது என்பதால்தான் பலகைகளும், மேட்டுக்குப் போகும் வழிகாட்டி அம்புகளும் இருக்கின்றன. முகாமுக்குப் போனதும் அந்த வழியை எல்லோரும் ஒருமுறை நடந்து பாருங்கள். நில அதிர்வு நீண்ட நேரம் உணரப்பட்டால், சங்கொலிக்குக் காத்திராமல் வண்டியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அன்று மாலை நாங்கள் அப்படி நடந்து பார்த்தபின் அவர் அங்கேயே தங்கச் சம்மதித்தார்.

அன்றாட ஆபத்து வேறு. மெரினாவில் கால் நனைப்பது போல இங்கே நனைக்க முடியாது. தண்ணீர் கோடையிலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். அமைதியாக இருக்கும் கரையில் திடீரென்று ஓர் அலை மட்டும் வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துவிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்று புகைப்படம் எடுக்க வேண்டாம். கரை ஒதுங்கிய பெருமரங்கள்மேல் குழந்தைகளை ஏறவிடாதீர்கள். ஓர் அலை வந்தாலும் அவை புரளும்.

ஹோட்டலும் காரும் எடுப்பதைவிட இது மலிவா? செலவை எப்படிப் பிரிப்பது?

இரண்டு பேருக்கு நிச்சயம் மலிவல்ல; ஆறு பேருக்கு ஏறத்தாழச் சமமாகலாம். நாள் வாடகையை மட்டும் பார்க்காமல் மைல் கட்டணம், ஜெனரேட்டர் கட்டணம், பாத்திரம் படுக்கை வாடகை, காப்பீடு, முகாம் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். எரிபொருள் கேலனுக்கு 8 முதல் 10 மைல் வரைதான் கொடுக்கும்; 1,200 மைலுக்கு 120 முதல் 150 கேலன் வரை ஆகும். உங்கள் சொந்தக் காரின் காப்பீடும் கடன் அட்டையின் காப்பீடும் ஆர்விக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாமல், எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நண்பர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

பிரிப்பதைப் பொறுத்தவரை, ஊதியம் வேறு நாணயத்தில் வாங்குகிறவரிடம் சரிபாதி கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியும் முகாமும் எங்களுடையது, மளிகையும் எரிபொருளில் ஒரு பகுதியும் அவர்களுடையது என்று புறப்படும் முன்பே பேசிவிடுகிறோம். பேசாமல் விட்டால் இரு தரப்பும் ஒவ்வொரு கல்லாவின் முன்பும் பணப்பையை நீட்டித் தடுமாறுவார்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தாமல் இருந்தால், அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்காதா?

இந்த அச்சம் எனக்கும் இருந்தது. இரண்டாம் பயணத்தில் ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே, ஹனிமேன் பூங்காவில் இரண்டு இரவுகள் பதிவு செய்துவிட்டு, நண்பர் என்ன நினைப்பாரோ என்று கூடுதலாக மூன்று இடங்களின் பட்டியலும் வைத்திருந்தேன். மணல்மேடு நேராக இறங்கிச் சென்று முடியும் நன்னீர் ஏரி ஒன்று அந்தப் பூங்காவுக்குள்ளேயே உண்டு. காலையில் பிள்ளைகள் அந்த மணலில் சறுக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் மர மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, கல்லூரி விடுதியை விட்டு வந்த நாளிலிருந்து தொடங்கி, அவருடைய தந்தையின் கடைசி மாதங்கள் வரை பேசினோம். தொலைபேசியில் பதினெட்டு ஆண்டுகளாக அவர் அதைச் சொன்னதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, அடுத்து எங்கே போகலாம் என்று பட்டியலை எடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாம்பாருக்கு உப்பு பார்க்கச் சொன்னார்.